மரப்பொந்தும் மரப்பெட்டியும்: தென் தமிழகத்தில் வீட்டுத் தேனீ வளர்ப்பின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

வீட்டு முற்றத்தில் ஓரிரு பெட்டிகளில் தேனீ வளர்க்கும் வழக்கம் தமிழகத்தில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமையே உடையது. திருச்சிராப்பள்ளியில் 1911க்கும் 1917க்கும் இடையில் உருப்பெற்ற நியூட்டன் பெட்டி, மார்த்தாண்டம் ஊரகப் புனரமைப்பு மையத்தின் பயிற்சி, 1991-92ஆம் ஆண்டுகளில் நேர்ந்த நச்சுயிரி அழிவு ஆகிய மூன்றையும் இணைத்து இவ்வழக்கத்தின் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பெட்டியின் வரவை மட்டுமே அளவுகோலாகக் கொண்டு எழுதப்பட்ட வரலாறு, பெட்டிக்குள் குடியேறிய இந்தியத் தேனீயின் இயல்பையும் அது பிடித்துவரப்பட்ட மரப்பொந்தையும் கணக்கில் கொள்ளவில்லை என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: இந்தியத் தேனீ, நியூட்டன் பெட்டி, மார்த்தாண்டம், ஊரகப் புனரமைப்பு, தாய்லாந்துப் பை நோய், இரப்பர்த் தேன்

முன்னுரை

இந்தியத் தேனீ வளர்ப்பு வரலாற்றைக் கூறும் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே காலவரிசையைத் தருகின்றன. 1880இல் வங்காளத்தில் முயற்சி நடந்தது, 1883-84இல் பஞ்சாபிலும் குலுவிலும் முயன்றனர், இரண்டும் பயனளிக்கவில்லை, 1911இல் தென்னிந்தியாவில் நியூட்டன் வந்தார், 1917இல் திருவிதாங்கூரும் 1925இல் மைசூரும் 1931இல் சென்னை மாகாணமும் இத்தொழிலைத் தொடங்கின. இவ்வரிசையில் பிழை கண்டுபிடிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் வடக்கே தோற்ற ஒன்று தெற்கே ஏன் வென்றது என்னும் வினா அவ்வரிசையில் எழுப்பப்படவே இல்லை. ஆண்டுகளை அடுக்கினால் அவை தாமாகவே காரணங்களாகிவிடா.

அவ்வினாவுக்கு விடை காண ஆட்சிக் குறிப்புகளைப் புரட்டுவதோடு தேனீயையும் நோக்க வேண்டியுள்ளது. தேனீ வளர்ப்பு ஏனைய கால்நடை வளர்ப்பினின்று வேறானது. ஆட்டையும் மாட்டையும் கயிற்றால் கட்டலாம். கோழியைக் கூட்டில் அடைக்கலாம். தேனீயை அடைத்து வைத்தால் அது சாகும். திறந்து வைத்தால், இடம் பிடிக்காதபோது, குடியோடு பறந்துவிடும். ஆகவே ‘வளர்ப்பு’ என்னும் சொல் இங்கு ஓரளவே பொருந்துகிறது. வளர்ப்பவர் செய்வது, தேனீ தானே விரும்பித் தங்கும் ஓர் இல்லத்தை அமைத்துக் கொடுப்பதுதான். அவ்வில்லத்தின் அளவு எவ்வளவு என்பதிலேயே இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கிறது.

தேன் எடுத்தலும் தேனீ வளர்த்தலும்

சங்க இலக்கியம் தேனை நன்கு அறியும். தேன், தேறல், நறவு, பிரசம், இறால் எனத் தேனையும் ஈயையும் அடையையும் தேனிலிருந்து ஆக்கிய மதுவையும் குறிக்கும் சொற்கள் அதில் பல. பாரியின் பறம்பு மலை உழவரால் உழப்படாமலே தரும் நான்கு விளைபொருள்களுள் தேனும் ஒன்றாகப் புறநானூற்றின் 109ஆம் பாடலில் எண்ணப்படுகிறது. உயர்ந்த மலையிலுள்ள தேனடையைக் கீழே இருந்தவாறே சுட்டி, உள்ளங்கையை நக்கி மகிழும் முடவன் ஒருவனைக் குறுந்தொகையின் 60ஆம் பாடல் காட்டுகிறது. மலைச்சரிவில் கட்டிய ஏணியில் ஏறித் தேன் எடுக்கும் குறிப்புகளும் உள்ளன.

இவையனைத்தும் பேசுவது தேன் எடுத்தலையே. உழாமல் விளைவது என்று புறநானூறு தேனை எண்ணியதே, அது மனித முயற்சியால் ஆக்கப்படும் பொருளாகக் கருதப்படவில்லை என்பதற்குச் சான்று. இதற்கு உயிரியல் சார்ந்த காரணமும் உண்டு. பாறை முகடுகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும் மலைத்தேனீயே இப்பாடல்களில் பெரும்பாலும் குறிக்கப்படுகிறது எனலாம். அதனைப் பெட்டிக்குள் அடக்க இன்றும் இயலவில்லை. புதர்களின் கொம்பில் சிறிய ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயும் அவ்வாறே. கொசுத்தேனீ பொந்தில் வாழ்வது. ஆனால் அதன் தேன் மிகச் சிறிதளவே.

எஞ்சுவது இந்தியத் தேனீ. மரப்பொந்து, பாறையிடுக்கு, கிணற்றுச் சுவர், பாழடைந்த கட்டடம், கைவிடப்பட்ட பானை எனும் இருண்ட இடங்களில் பல அடைகளை இணையாகத் தொங்கவிட்டு வாழும் இயல்பினது இது. இதனை ‘அடுக்குத் தேனீ’ என்று மக்கள் வழங்கியது பொருத்தமானதே. ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக அடை கட்டும் இவ்வியல்பு இருந்தமையாலேயே அடைகளைத் தனித்தனிச் சட்டங்களில் ஏற்றும் வாய்ப்பு பிறந்தது. இமயமலைப் பகுதிகளில் வீட்டுச் சுவரில் மாடம் விட்டும் குடைந்த மரத்துண்டை வைத்தும் இத்தேனீயைக் குடியமர்த்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. ஆயினும் அங்கும் தேன் எடுப்பதென்றால் அடையை அறுத்தாக வேண்டும். அறுத்த அடையில் தேனோடு புழுவும் மகரந்தமும் சேர்ந்தே வரும். அடையைப் பிழிந்த தேன் கலங்கலாகவும் விரைவில் புளிப்பதாகவும் இருந்ததற்கு இதுவே காரணம். மருந்துக்கு அனுபானமாகவும் கோயிலில் பஞ்சாமிர்தத்துக்கும் தேன் தேவைப்பட்ட ஒரு நாட்டில், ஒவ்வொரு முறை தேன் எடுக்கும்போதும் ஒரு குடி அழிந்தது.

பெட்டியின் பின்புலம்

இந்நிலையை மாற்றிய கண்டுபிடிப்பு அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1851இல் நிகழ்ந்தது. லொரென்சோ லாங்ஸ்ட்ராத் என்னும் கிறித்தவ போதகர், தேனீக்கள் தம் கூட்டினுள் நடமாடுவதற்கென ஒரு குறிப்பிட்ட இடைவெளியைத் திறந்தே வைத்திருக்கின்றன என்பதைத் தெளிந்தார். அவ்விடைவெளி ஏறத்தாழ 9 மி.மீ. அதனினும் அகன்ற இடத்தில் தேனீ அடை கட்டும். குறுகிய இடத்தைப் பிசினால் அடைக்கும். அந்த அளவை மட்டும் பாதையாக விட்டுவைக்கும். சட்டத்துக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே அந்த இடைவெளியை அளந்து விட்டால் சட்டம் எதனோடும் ஒட்டாது. வேண்டும்போது தூக்கலாம், பார்க்கலாம், மீண்டும் வைக்கலாம். 1852இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு இது பற்றி நூலும் எழுதினார்.

கண் பார்வையற்ற சுவிட்சர்லாந்து அறிஞர் பிரான்சுவா யூபேர் நூலின் ஏடுகளைப் போல் விரியும் பெட்டியொன்றை இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அமைத்திருந்தார். சிலேசியாவில் யான் சியெர்சோனும் நகர்த்தக்கூடிய அடைகளைக் கையாண்டார். ஆயின் அவை பரவலாகப் பயன்படவில்லை. லாங்ஸ்ட்ராத்தைத் தொடர்ந்து 1857இல் ஜெர்மனியின் யொகான்னஸ் மேரிங் மெழுகு அடித்தகட்டை வார்க்கும் அச்சையும், 1865இல் பிரான்ஸ் பொன் ருஷ்கா சுழற்சி விசையால் தேனைப் பிரிக்கும் கருவியையும் உருவாக்கினர். சட்டம், மெழுகுத் தகடு, தேன் பிரிக்கும் கருவி ஆகிய மூன்றும் கூடியதால் அடையை அழிக்காமலே தேன் எடுக்க முடிந்தது. தேனை மட்டும் வடித்துவிட்டு வெற்று அடையைத் தேனீக்கே திருப்பித் தர முடிந்ததால், மீண்டும் மெழுகு சுரந்து அடை கட்டும் உழைப்பு அவற்றுக்கு மிச்சமாயிற்று.

இம்மூன்றும் இந்தியாவுக்கு வந்தபோது அவற்றோடு ஒரு முற்கோளும் சேர்ந்து வந்தது. பெட்டி ஐரோப்பியத் தேனீயின் அளவுக்குச் செய்யப்பட்டது என்பதை எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டக்ளஸ் 1884இல் இந்தியாவுக்கெனத் தேனீ வளர்ப்புக் கையேடு ஒன்றை எழுதியும், வங்காள, பஞ்சாப் முயற்சிகள் நிலைபெறவில்லை. அவற்றின் தோல்விக்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் இந்தியத் தேனீ ‘நாடோடி இயல்பினது’, ‘வளர்ப்புக்கு ஒவ்வாதது’ எனும் தீர்ப்பு அக்காலத்தில் எளிதாக வழங்கப்பட்டமை நோக்கத்தக்கது. குடியேற்றக் கால அறிவியலில் கருவி பொருந்தாதபோது குற்றம் பொருளின் மேல் சுமத்தப்படுவது இத்துறைக்கு மட்டும் உரியதன்று.

நியூட்டன் பெட்டி

திருச்சிராப்பள்ளிப் பகுதியில் பணியாற்றிய அருட்தந்தை நியூட்டன், இத்தீர்ப்பை ஏற்காமல் அளவுகோலைக் கையில் எடுத்தார். இந்தியத் தேனீ உடலால் சிறியது. அதன் அறுகோண அறைகளும் சிறியவை. குடியின் எண்ணிக்கையும் ஐரோப்பியத் தேனீக் குடியினும் மிகக் குறைவு. லாங்ஸ்ட்ராத் பெட்டியின் சட்டம் வெளியளவில் ஏறத்தாழ 44.8 செ.மீ. நீளமும் 23.2 செ.மீ. உயரமும் உடையது, புழு அறையில் அத்தகைய சட்டங்கள் பத்து. நியூட்டன் அமைத்த பெட்டியின் புழு அறையில் ஏழு சட்டங்கள். ஒவ்வொன்றின் உள்ளளவு ஏறத்தாழ 20.5 செ.மீ. நீளமும் 14 செ.மீ. உயரமும் மட்டுமே. அதாவது ஒரு சட்டத்தின் அடைப்பரப்பு மூன்றில் ஒரு பங்கு. புழு அறை முழுமைக்கும் கணக்கிட்டால் நான்கில் ஒரு பங்கிற்கும் குறைவு.

இவ்வேறுபாடு தச்சுவேலைச் சிக்கனம் மட்டுமன்று. தேனீக்குடி தன் புழுக்களை ஏறத்தாழ 34, 35 பாகை செல்சியசு வெப்பத்தில் காக்க வேண்டும். பெரிய வெற்றிடத்தில் சிறிய குடிக்கு இது பெரும்பாடு. மேலும் தேனீக்கள் மூடி அமராத அடைகளில் மெழுகுப்பூச்சி முட்டையிடும். அதன் புழுக்கள் அடைக்குள் சுரங்கம் தோண்டி வலை பின்னும். ஐரோப்பியத் தேனீயோடு ஒப்பிட இந்தியத் தேனீ இப்பூச்சியை எதிர்த்து நிற்பதில் வலிமை குன்றியது. அது கையாளும் எதிர்ப்பு வேறு வகையானது: இருந்த கூட்டை அப்படியே விட்டுவிட்டு வேறிடம் செல்லும். ஆகவே, பெரிய பெட்டியில் வைத்த இந்தியத் தேனீ ஓடிப்போனது ‘நாடோடி இயல்பால்’ அன்று. தன்னால் காக்க இயலாத வீட்டை அது துறந்தது. பெட்டி குறுகியவுடன் குடி தங்கியது.

நியூட்டன் பெட்டியின் அமைப்பு எளியது. அடிப்பலகை, அதன்மேல் புழு அறை, அதன்மேல் உயரம் குறைந்த சட்டங்களைக் கொண்ட தேன் அறை, மூடி. இராணி முட்டையிடுவது கீழறையில். தேன் சேர்வது மேலறையில். மேலறைச் சட்டத்தை மட்டும் எடுத்து வடித்தால் புழு ஒன்றும் சாகாது. உள்ளூர்த் தச்சர் உள்ளூர்ப் பலகையில் செய்யத்தக்கது. ஒருவரே தூக்கி நகர்த்தத்தக்கது. 1911 முதல் 1917 வரை நியூட்டன் ஊரக மக்கள் பலருக்கு இதில் பயிற்சி அளித்தார் என்று இத்துறை நூல்கள் கூறுகின்றன. இதே காலத்தில், 1915இல், பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த சி.சி. கோஷ் தேனீ வளர்ப்புப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டார். பிற்காலத்தில் இந்தியத் தர நிறுவனம் தேனீப் பெட்டிகளுக்கு அளவு வரையறுத்தபோது அதன் சிறிய வகை நியூட்டன் பெட்டியின் அளவை ஒட்டியே அமைந்தது.

மார்த்தாண்டமும் வீட்டு முற்றமும்

பெட்டி உருவானதால் மட்டும் வழக்கம் உருவாகிவிடாது. அதனை வீட்டுக்குரியதாக ஆக்கியது மார்த்தாண்டம். அன்று திருவிதாங்கூர் அரசின் தென்பகுதியாகவும், 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்தின் கன்னியாகுமரி மாவட்டப் பகுதியாகவும் விளங்கிய இவ்வூரில், ஒய்.எம்.சி.ஏ. எனப்படும் கிறித்தவ இளைஞர் சங்கம் 1920களில் ஊரகப் புனரமைப்பு மையம் ஒன்றை நிறுவியது. சேலத்தில் பிறந்தவரும் அச்சங்கத்தின் தேசியப் பொதுச்செயலர் பொறுப்பேற்ற முதல் இந்தியருமான கே.டி. பால் ஊரகப் பணியில் சங்கத்தை ஈடுபடுத்தினார். மையத்தை நடத்தியவர் அமெரிக்கரான டுவேன் ஸ்பென்சர் ஹேட்ச். 1932இல் வெளிவந்த ‘அப் ஃப்ரம் பாவர்ட்டி இன் ரூரல் இந்தியா’ என்னும் அவருடைய நூல் அப்பணியின் விளக்கமாகும். கோழி வளர்ப்பு, பனைவெல்லம், நெசவு முதலியவற்றோடு தேனீ வளர்ப்பும் அங்குக் கற்பிக்கப்பட்டது. வெளியார் பணத்தை வழங்குவதன்று, வல்லுநர் உடனிருந்து வழிகாட்ட மக்கள் தாமே செய்துகொள்வது என்பது மையத்தின் கொள்கை.

இக்கொள்கைக்குத் தேனீ மிகவும் ஏற்றதாயிற்று. அதற்கு நிலம் வேண்டுவதில்லை; தீனி வாங்க வேண்டுவதில்லை; நாள் முழுதும் ஆள் வேண்டுவதில்லை. தென்னை, கமுகு, முருங்கை, புளி, மா என நெருங்கி வளர்ந்த வீட்டுத் தோட்டங்கள் அப்பகுதியின் நில அமைப்பாக இருந்தன. தென்னை ஆண்டு முழுதும் மகரந்தம் தருவது. ஓரிரு பெட்டிகளுக்கு இது போதும். இந்தியத் தேனீ உணவு தேடிச் செல்லும் எல்லை ஐரோப்பியத் தேனீயினதைவிடக் குறுகியது. ஒரு கிலோமீட்டருக்குள்ளேயே பெரிதும் அடங்குவது. அதன் நடனமொழியை 1950களில் இலங்கையின் பேராதனையில் ஆய்ந்த மார்ட்டின் லிண்டவர் இதனைப் பதிவு செய்தார். இக்குறுகிய எல்லையின் சமூகப் பொருள் கவனத்துக்குரியது: ஒரு வீட்டின் பெட்டிக்கு அண்டை வீட்டாரின் தென்னையும் முருங்கையுமே மேய்ச்சல் நிலம். வேலியும் எல்லைக்கல்லும் தேனீக்கு இல்லாமையால், ஒருவரது தேன் எப்போதும் பலரது நிலத்தின் விளைவாகவே இருந்தது.

புதிதாகத் தொடங்குபவர் செய்த முதற்பணி பெட்டி செய்வதன்று, குடியைப் பிடிப்பது. பொந்தின் வாயில் சிறிது புகையிட்டு, தேவையானால் வாயை அகலப்படுத்தி, அடைகளை ஒவ்வொன்றாக அறுத்தெடுக்க வேண்டும். தேன் நிறைந்த பகுதியை நீக்கிப் புழுவுள்ள பகுதியைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டி, வாழைநாரால் சட்டத்தோடு கட்ட வேண்டும். ஓரிரு நாளில் தேனீக்கள் அடையைச் சட்டத்தோடு மெழுகால் ஒட்டிவிடும். நாரைக் கடித்து அறுத்து வெளியே தள்ளிவிடும். இராணியைக் கண்டு பெட்டிக்குள் விட்டுவிட்டால் ஏனையவை தொடர்ந்து நுழையும்; இராணி தப்பினால் முழு உழைப்பும் வீண். மாலை மங்கிய பின், வெளியே சென்ற ஈக்களும் திரும்பியதும், வாயிலை அடைத்துப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவருவர். அதனை நிழலில், எறும்பு ஏறாதவாறு தாங்கியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தி வைப்பர். சில நாள் சர்க்கரைப் பாகு தருவர். கூடு கட்டிய பழைய அடையில் புழு இருப்பின் குடி பெரும்பாலும் தங்கும். தம் புழுவை விட்டுச் செல்லத் தேனீ எளிதில் துணிவதில்லை.

இந்நுட்பங்களுள் எவை மையத்தில் கற்பிக்கப்பட்டவை, எவை பொந்துத்தேன் எடுத்துப் பழகிய உள்ளூர் மக்களிடமிருந்து மையம் கற்றவை எனப் பிரித்தல் அரிது. வாழைநாரும் மாலைநேரமும் நூலினின்று வந்தவையாகத் தோன்றவில்லை. பெட்டிக்கு அதனை ஆக்கியவர் பெயர் வழங்குகிறது. பொந்தைக் கண்டு, ஈயின் போக்கை நோக்கி, குடியை இறக்கியவர்களின் அறிவு பெயரின்றி அதனுள் கலந்துவிட்டது. இத்துறை வரலாற்றில் இதுவரை போதிய கவனம் பெறாத பகுதி இது.

வேளாண்மைக்கான அரச ஆணையம் 1928இல் அளித்த அறிக்கையில் தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகப் பரிந்துரைத்தது. 1931இல் சென்னை மாகாணத்தில் அரசு முயற்சி தொடங்கியது. 1934 டிசம்பரில் காந்தியடிகள் தோற்றுவித்த அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் தேனீ வளர்ப்பைத் தன் பணிகளுள் சேர்த்துக்கொண்டது. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா அதன் செயலர். 1945இல் வெளிவந்த தம் நிலைத்த பொருளியல் பற்றிய நூலில் குமரப்பா பொருளியல் முறைகளைப் பிற உயிர்களின் வாழ்வோடு ஒப்பிட்டு வகுத்தார். புலியும் குரங்கும் தாழ்படிகளுக்கும், தனக்கெனக் கூடு கட்டும் பறவை இடைப்படிக்கும், கூட்டத்தின் பொருட்டுத் தேன் சேர்க்கும் தேனீ அதனினும் உயர்படிக்கும் சான்றாயின. தாய்மையின் சேவை ஒன்றே அதற்கு மேலாக வைக்கப்பட்டது. நோக்கத்தில் மார்த்தாண்டமும் வார்தாவும் வேறுபட்டவை. முன்னது கடன்பட்ட குடும்பத்துக்குச் சிறு துணை வருவாயைத் தேடியது. பின்னது தேனீயில் ஒரு சமூக ஒழுங்கைக் கண்டது. ஆயினும் இரண்டும் வந்து சேர்ந்த இடம் ஒன்றே: வீட்டுப் பின்புறத்தில் ஒரு பெட்டி.

இரப்பர்த் தேன்

விடுதலைக்குப் பின் கதர் கிராமத் தொழில் ஆணையம் பெட்டிகளை மானியத்தில் வழங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் தேனைக் கொள்முதல் செய்தன. 1962இல் புனேயில் மத்திய தேனீ ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. இவ்வமைப்புகளின் வரலாறு பலரால் எழுதப்பட்டுள்ளதால் இங்கு விரிக்கப்படவில்லை. கன்னியாகுமரிப் பகுதியில் இவற்றினும் ஆழ்ந்த மாற்றத்தை விளைவித்தது ஒரு மரம்.

அமேசான் காடுகளைத் தாயகமாகக் கொண்ட இரப்பர் மரம் மலையடிவாரத் தோட்டங்களில் பரவியது. இம்மரம் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்த்துத் துளிர்க்கும். இளந்துளிரின் இலைக்காம்பு நுனியில், மூன்று சிற்றிலைகள் கூடுமிடத்தில், இனிப்புநீர் சுரக்கும் சுரப்பிகள் உள்ளன. பூவிலன்றி இலையில் சுரக்கும் இந்நீரைத் தேனீக்கள் பெருமளவில் சேர்க்கின்றன. மார்த்தாண்டம் தேன் என்று பெயர்பெற்று, 2023இல் புவிசார் குறியீடும் பெற்ற தேனின் பெரும்பகுதிக்கு மூலம் இத்துளிர்ப்பருவமே. நாட்டுத் தேனீயும் அயல்நாட்டு மரமும் கூடி ஓர் ஊரின் பெயரைத் தாங்கும் பொருளைத் தந்திருப்பது, ‘மரபு’ என்னும் சொல்லை எடுத்தாளும்போது சிறிது நிதானம் வேண்டும் என்பதை உணர்த்துகிறது.

இரப்பர்த் துளிர் சில வாரங்களுக்கு மட்டுமே சுரக்கும். அதில் இனிப்பு உண்டு, மகரந்தம் இல்லை. புழு வளர்க்க மகரந்தம் வேண்டும். ஆகவே வீட்டுத் தோட்டத்தில் குடியைப் பெருக்கி, பருவத்தில் பெட்டிகளை இரப்பர்த் தோட்டத்துக்கு ஏற்றிச் சென்று, பருவம் முடிந்ததும் மீட்டுவரும் இடம்பெயர் முறை வளர்ந்தது. ஓரிரு பெட்டி வைத்திருந்தவர் பத்து, ஐம்பது, நூறு என வைத்தார். மழைக்காலப் பஞ்சத்தில் சர்க்கரைப் பாகு கொடுத்துக் குடிகளைக் காப்பது செலவாயிற்று. துணை வருவாயாகத் தொடங்கியது பலருக்கு முதன்மை வாழ்வாதாரமாயிற்று. வீட்டுப்பெட்டி மறையவில்லை, அது இத்தொழிலின் நாற்றங்கால் ஆயிற்று.

1991-92: பெட்டி காலியான ஆண்டுகள்

தாய்லாந்தில் 1970களில் அறியப்பட்டமையால் தாய்லாந்துப் பை நோய் எனப் பெயர்பெற்ற நச்சுயிரி நோய், 1970களின் இறுதியில் இந்தியாவின் வடகிழக்கில் காணப்பட்டது. பின் இமயமலை ஓரமாக மேற்கே பரவியது. 1991-92இல் தென்னிந்தியாவை அடைந்தது. நோயுற்ற புழு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு முந்தைய நிலையில் இறந்து, அறைக்குள் தலையை நிமிர்த்திக் கிடக்கும். தோல் நீர் நிறைந்த பையைப் போலாகும். நோயின் பெயர் அதனால் வந்தது. முதிர்ந்த தேனீக்கள் சாவதில்லை. ஆனால் அடுத்த தலைமுறை பிறப்பதில்லை. சில வாரங்களில் குடி மெலிந்து அழியும், அல்லது எஞ்சியவை கூட்டை விட்டு நீங்கும். தென்மாநிலங்களில் பெட்டிகளில் இருந்த இந்தியத் தேனீக் குடிகளுள் 90 விழுக்காட்டுக்கும் மேல் அழிந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. மருந்து ஏதும் இல்லை.

பெட்டிகளில் மட்டுமன்றிக் காட்டிலும் பொந்துகளிலும் வாழ்ந்த குடிகளையும் இந்நோய் தாக்கியது. இதன் பொருள் பெரிது. அதுவரை ஒரு வீட்டுப்பெட்டி காலியானால் வளர்ப்பவர் மற்றொரு பொந்தைத் தேடிச் செல்வார். வளர்ப்புத்தேனீ, காட்டுத்தேனீ என்று இரண்டு இல்லை. ஒரே இனம், ஒரே குருதி. பெட்டியில் பிரிந்த கூட்டம் பொந்துக்குப் போகும். பொந்தில் பிடித்த குடி பெட்டிக்கு வரும். காளை, கோழி முதலியவற்றைப் போல மனிதரால் தேர்ந்து உருமாற்றப்பட்ட வளர்ப்பினமாக இந்தியத் தேனீ ஆகவே இல்லை. இவ்விரு வழிப் போக்குவரத்தே 1911 முதல் இத்தொழிலைக் காத்தது. நோயும் அதே வழியில் இரு பக்கமும் பரவியது. துளிர்ப்பருவத்தில் ஒரே தோட்டத்தில் எண்ணற்ற பெட்டிகள் குவிந்தமை பரவலை விரைவுபடுத்தியிருக்கக்கூடும்.

இவ்வழிவுக்கு அளிக்கப்பட்ட விடைகளுள் ஒன்று இத்தாலியத் தேனீ. பஞ்சாப் வேளாண் அறிஞர் ஏ.எஸ். அத்வால் முயற்சியால் 1962இல் நக்ரோட்டா பக்வானில் நிலைபெற்ற இவ்வயல் இனம், 1990களில் தென்மாநிலங்களுக்குப் பெரிய அளவில் கொண்டுவரப்பட்டது. அதனைத் தாய்லாந்துப் பை நோய் பெரிதும் தாக்குவதில்லை, தேனும் பன்மடங்கு. ஆனால் அதற்கு லாங்ஸ்ட்ராத் பெட்டி வேண்டும். பரந்த மேய்ச்சல் நிலம் வேண்டும். பஞ்சகாலத்தில் அதிகப் பாகு வேண்டும். வரோவா உண்ணியோடு நெடுங்காலம் உடன்வாழ்ந்து பழகிய இந்தியத் தேனீ தன் உடலைத் தடவி அதனை நீக்க வல்லது. இத்தாலியத் தேனீக்கு அத்திறன் குறைவாதலால் வளர்ப்பவர் தொடர்ந்து மருத்துவம் செய்ய வேண்டும். நூறு பெட்டிகளைத் தொழிலாக நடத்துவோர்க்கு இக்கணக்குப் பொருந்தலாம். முற்றத்தில் ஒரு பெட்டி வைக்க விரும்பும் புதியவர்க்கு அது பொருந்தவில்லை. எண்பது ஆண்டுகளுக்கு முன் நியூட்டன் விலக்கிய அதே பெரிய பெட்டி, இம்முறை தனக்குரிய தேனீயோடு திரும்பி வந்தது.

இந்தியத் தேனீ முற்றிலும் அழியவில்லை. நோயைத் தாங்கிய குடிகள் ஆங்காங்கே பிழைத்தன. அவற்றைக் கண்டு பெருக்கும் பணியே பின்வந்த ஆண்டுகளின் மீட்சிக்கு அடிப்படையாயிற்று. பிழைத்தவை எவை என்பதை ஆய்வகம் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஓராண்டு கழித்தும் ஈ போய்வந்துகொண்டிருந்த பொந்துகளே சொல்லின. காலியான நியூட்டன் பெட்டிகளைக் கழுவி வெயிலில் காயவைத்து, வாழைநாரும் புகைக்குழலுமாக மாலையில் மீண்டும் மரங்களைத் தேடிச் சென்றவர்களால் அவை நிரம்பத் தொடங்கின.